இறந்தவர் குரலில் இடைச்செருகல்

சட்லஜ்–யமுனை இணைப்புக் கால்வாயைப் பற்றிப் பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூஸேவாலா பாடிய ‘எஸ்.ஒய்.எல்.’ 2022 ஜூன் 23 அன்று வெளியானது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. சில நாளிலேயே இந்தியாவில் யூடியூபிலிருந்து அந்தப் பாட்டு எடுக்கப்பட்டது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்கு நாற்றுவிடலாமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் தஞ்சை வட்டாரத்துக்காரர்களுக்கு, ஆற்றுநீரைப் பற்றிய ஒரு பாட்டு அரசை ஏன் சுடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. பாடியவர் தன் வாயால் சொன்னது அது என்பதுதான் அந்தப் பாட்டின் வலு. அந்தப் பதிவில் யாரோ ஒருவர் இரண்டு சொல்லை வெட்டி வேறிடத்தில் ஒட்டியிருந்தால்? கேட்பவருக்குத் தெரிந்திருக்காது. மறுத்துச் சொல்லப் பாடியவரும் இல்லை.

மறைந்தவரின் குரலைப் புதுத் தாளத்தோடும் புதுக் குரல்களோடும் கலந்து, அவர் பெயரிலேயே ஆல்பமாக விற்பது ராப் உலகில் கால் நூற்றாண்டைத் தாண்டிய வழக்கம். அதில் நல்லது உண்டு, கெட்டதும் உண்டு. இரண்டையும் எடைபோட அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். ஆனால் எடைக்கல்லைக் காவிரிக் கரையிலிருந்து எடுத்துக்கொள்வதே நமக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் 1996 செப்டம்பர் 13 அன்று 25 வயதில் இறந்தார். உயிரோடு இருந்தபோது வெளிவந்த அவருடைய தனி ஆல்பங்கள் நான்கு. இறந்தபின் வந்தவை ஆறு. அந்த ஆறும் ஒரே வகை என்று தள்ளிவிடக் கூடாது. முதலாவதை, ‘மக்கவேலி’ என்ற பெயரில் வந்ததை, அவரே பதிவு செய்து முடித்திருந்தார். வெளியீடு மட்டும்தான் மரணத்துக்குப் பின். 2004 டிசம்பரில் வந்த ‘லாயல் டு த கேம்’ அதற்கு நேரெதிர். 90களின் தொடக்கத்துப் பழைய பதிவுகளிலிருந்து டூபாக்கின் குரலைத் தனியே பிரித்தெடுத்து, ராப் பாடகர் எமினெம் தாம் செய்த தாளங்களின் மேல் வைத்தார். பொருந்தாத இடங்களில் குரலின் வேகத்தையும் சுருதியையும் மாற்றினார். டூபாக்கின் காலத்தில் அறிமுகமே ஆகாத பாடகர்களின் குரல்கள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

அந்த ஆல்பத்தின் ‘கெட்டோ காஸ்பல்’ என்ற பாட்டு, எல்டன் ஜானின் 1971ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து ஒரு பகுதியைப் பல்லவிபோல வைத்துக் கட்டியது. 2005இல் பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. டூபாக்கின் பெயரையே அறியாத பிள்ளைகள் அதன் வழியாக அவரிடம் வந்தார்கள். வந்தவர்களில் பலர் பழைய ஆல்பங்களையும் தேடிப் போனார்கள். இந்தப் பலனை வியாபாரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கேட்க ஆளில்லாமல் நாடாப் பெட்டிக்குள் கிடக்கும் குரலால் யாருக்கும் பயனில்லை. நல்ல கையில் பட்டால் இந்த வேலை மரியாதையோடும் நடக்கும். ராப் பாடகர் மேக் மில்லர் 2018 செப்டம்பரில் இறந்தபோது பாதியில் நின்றிருந்த ‘சர்க்கிள்ஸ்’ ஆல்பத்தை, அதில் அவரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஜான் பிரையன் முடித்துக் கொடுத்தார். 2020 ஜனவரியில் வெளிவந்தது. பாடகரின் எண்ணம் என்ன என்று அவர் வாய்மொழியாகக் கேட்டிருந்தவர் செய்த வேலை என்பதால், அதைக் கேட்கும்போது அந்நியக் கை குறுக்கே வந்ததாகத் தோன்றுவதில்லை.

அப்படியென்றால் ‘லாயல் டு த கேம்’ போன்றவற்றில் எது உறுத்துகிறது? புதுத் தாளம் பிடிக்கவில்லை என்பது ரசனை சார்ந்த பதில், போதாது. ராப்பில் தாளம் குரலுக்குப் பிறகு சேர்க்கப்படும் அலங்காரமாக இருப்பதில்லை. தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் சொல் பிறக்கிறது. எந்த அசையை அடிக்கு முன்னால் தள்ளுவது, எங்கே மூச்சை இழுத்துப் பிடிப்பது, எந்த இயைபை ஓர் அரைமாத்திரை தாமதமாகப் போடுவது என்பதெல்லாம் அந்த அறையில் அன்று ஒலித்த முரசுக்குப் பாடகர் கொடுத்த பதில். முரசை எடுத்துவிட்டால் பதில் மட்டும் மிஞ்சுகிறது, கேள்வி போய்விடுகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் மூச்சே பொய்யாகிறது.

இது தஞ்சை மண்ணில் புதிதாகச் சொல்லவேண்டிய சங்கதி இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பல்லவியின் எடுப்பு எங்கே, அருதி எங்கே என்பதில் இருவருக்கும் நடுவே ஓடும் பேச்சுதான் கச்சேரி. தவிலைத் துடைத்துவிட்டு அந்த நாகஸ்வரத்தின் அடியில் கணினியில் செய்த அடியொன்றைச் சுழலவிட்டால், ராஜரத்தினம் பிள்ளை ஓரிடத்தில் ஏன் காத்திருந்தார், இன்னோரிடத்தில் ஏன் பாய்ந்தார் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகும். ஒலியெல்லாம் அவருடையதாகத்தான் இருக்கும். வாசிப்பு அவருடையதாக இருக்காது.

இங்கே ஒருவர் எழுந்து நியாயமாகவே மறிக்கலாம். மாற்றுவது பாவமென்றால் திருவையாற்றில் நடப்பது என்ன? தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் பாடியதைப் பதிவு செய்ய அன்று கருவியே இல்லை. தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் மரபுகளின் வழியாகக் கீர்த்தனைகள் வந்தன. ஒன்றின் பாடாந்தரம் மற்றதோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. பின்வந்த வித்துவான்கள் சங்கதிகளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் முறையும் இருபதாம் நூற்றாண்டு ஏற்பாடுதான். இத்தனை மாற்றத்தையும் கைகூப்பி ஏற்கும் ஊர், ராப்பில் ஒரு தாளத்தை மாற்றியதற்கு ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இதை ஊன்றி யோசித்தபோதுதான் எனக்கு வழக்கு தெளிந்தது. திருவையாற்று மேடையில் சங்கதி கூட்டுகிறவர் தன் தொண்டையில் பாடுகிறார். பாட்டு தியாகராஜருடையது, பாடுகிறவர் இன்னார் என்று சபைக்குத் தெரியும். சங்கதி அழகாக விழுந்தால் பாராட்டு அவருக்கு. வழுக்கினால் பழியும் அவருக்கு. தியாகராஜரின் குரலை எடுத்து, அவர் பாடாத சங்கதியை அதில் ஏற்றி, இது தியாகராஜர் பாடியது என்று யாரும் விற்றதில்லை. பாட்டு பலர் கைமாறி வாழலாம்; நம் மரபு அப்படித்தான் வாழ்ந்திருக்கிறது. பதிவான குரல் ஒரு மனிதர் ஒரு நாளில் செய்த செயல். அதைத் திருத்துகிறவர் தன் பெயரைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, செயலை இறந்தவர் கணக்கில் எழுதுகிறார். மாற்றத்தை விட, கணக்கு மாற்றி எழுதப்படுவதையே நான் குற்றம் என்கிறேன்.

இதற்குரிய ஒழுக்கத்தையும் காவிரி டெல்டாக்காரர் ஒருவரே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு ஏடுகளைத் தேடி அலைந்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1894இல் புறநானூறு வந்தது. இறந்தவர்களின் குரலை உயிர்ப்பித்த வேலைதானே அதுவும்! கரையான் அரித்த ஏட்டில் சொல் சிதைந்திருந்தால் அவர் என்ன செய்தார்? தமிழில் அவருக்கு இருந்த புலமைக்கு, விட்டுப்போன சீரை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி இட்டு நிரப்பியிருக்கலாம். புள்ளி வைத்தார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டால் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தந்தார். இன்றைக்கும் புறநானூற்றைத் திறந்தால் அந்தப் புள்ளிகளைப் பார்க்கலாம். எது பழம்புலவர் வாக்கு, எது இழந்துபோனது, எது பதிப்பாசிரியர் கருத்து என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரியும். பிற்காலத்தார் பாட்டெழுதிப் பழம்நூலுக்குள் நுழைத்ததை இடைச்செருகல் என்று இனம்கண்டு விலக்கக் கற்றது நம் திறனாய்வு மரபு. நூலுக்குக் காட்டிய அந்த விழிப்பை ஒலிக்கும் காட்ட வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஏனென்றால், இப்போது புள்ளி வைக்க வேண்டிய இடத்தையெல்லாம் இயந்திரம் நிரப்புகிறது. 2024 பிப்ரவரியில் வந்த ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். குடும்பங்களிடம் அனுமதி பெற்றதையும் உரிய தொகை கொடுத்ததையும் அவரே வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு ‘வேட்டையன்’ படத்தில் 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் அவர் மகன் யுகேந்திரனின் குரலோடு ஒலித்தது. ‘கோட்’ படத்தில் அவ்வாண்டு ஜனவரியில்தான் இறந்த பவதாரிணியின் குரலைத் தம்பி யுவன் சங்கர் ராஜா கொண்டுவந்தார். அந்தத் தம்பியின் துயரத்துக்கு முன்னால் விமர்சகன் குரலைத் தாழ்த்திக்கொள்ளத்தான் வேண்டும். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் இப்படிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பம் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியதும் நடந்தது. பஞ்சாபில் மூஸேவாலாவின் பெற்றோர் தங்களைக் கேட்காமல் வெளியாகவிருந்த ஒரு பாட்டுக்கு மான்சா நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள்.

அனுமதி கேட்பது நாகரிகம். ரகுமான் செய்தது மற்றவர்களுக்கு முன்மாதிரி. ஆனாலும் குடும்பத்தின் அனுமதி பாடகரின் அனுமதி ஆகிவிடாது. டூபாக் விஷயத்தில் குறைந்தபட்சம் சொற்கள் அவருடையவை. இயந்திரக் குரலில் அதுவும் இல்லை: அவர் பார்க்காத வரியை, கேட்காத மெட்டில், எடுக்காத மூச்சோடு அவர் ‘பாடுகிறார்’. பாட்டு நன்றாகவே இருக்கலாம். பாடகர் பட்டியலில் அந்தப் பெயரை உயிரோடு பாடியவர்களின் பெயரோடு ஒரே வரிசையில் போடுவது தவறு.

மூலப்பதிவு என்பதையும் நாம் தெய்வமாக்கிவிடக் கூடாது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டுக்குப் பெரும்பெயர். ஆனால் சாமி புறப்பாட்டில் இரவெல்லாம் ராகம் வாசித்தவரை, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே கொள்ளும் 78 வேகத் தட்டு எவ்வளவு நெருக்கியிருக்கும்! மூலமே ஒரு சமரசம்தான். அந்தச் சமரசத்தைச் செய்துகொண்டவர் அவர் என்பதால்தான் அதற்கு மதிப்பு. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 வேகத்தில் பதிவானவையும் இல்லை. மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் தட்டைச் சற்று வேகமாக ஓட்டிப் படியெடுத்தால், உச்சத்தில் பாடிய அந்தக் குரல் இன்னும் ஏறி, அவருக்கில்லாத ஒரு கட்டையில் நிற்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை முடுக்கினால் சீவாளியின் கரகரப்பும் சேர்ந்து போய்விடும். ரீமிக்ஸ் என்ற பெயரே இல்லாமல் நடக்கும் ரீமிக்ஸ் இது.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. 1956இல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளை, 1959இல் மறைந்த பாகவதர் ஆகியோர் தம் வாழ்நாளில் வெளியிட்ட தட்டுகள் எல்லாம் அந்தக் காவலைத் தாண்டிவிட்டன. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. ஆக, அந்தக் குரல்களை எடுத்து யாரும் எதுவும் செய்யலாம் என்ற நிலை. நல்லதும் நடக்கும்: ஒரு கும்பகோணத்துப் பையன் தோடித் துணுக்கொன்றின் மேல் ராப் பாடி, கீழே தன் பெயரைப் போட்டு, மூலம் இன்ன தட்டு என்று குறித்தால் நான் மகிழ்ச்சியோடு கேட்பேன். அது திருவையாற்று வழி. அதையே ‘ராஜரத்தினம் பிள்ளையின் புதிய ஆல்பம்’ என்று விற்றால் ஏற்கமாட்டேன்.

டூபாக்கின் ரசிகர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. எமினெம் மாற்றிய பல பாட்டுகளின் பழைய வடிவங்கள் கசிந்து கைக்குக் கை பரவியிருப்பதால், அவர்களால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. நம் நாகஸ்வரக்காரர்கள், கோயில் கச்சேரிக்காரர்கள் பலருக்கு அப்படி ஒப்பிட மூலமே பத்திரமாக இல்லை. அதனால் டெல்டாவில் ஸ்பூல் நாடாவோ, கல்யாணக் கச்சேரி கேசட்டோ, பழைய இசைத்தட்டோ வீட்டில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: மெருகேற்றித் தருகிறோம் என்று வருகிறவரிடம் கொடுக்கும் முன், கீறலும் இரைச்சலுமாக உள்ளது உள்ளபடி ஒரு படி எடுத்து வையுங்கள். வாசித்தவர் யார், தவில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறைமேல் எழுதுங்கள். தெரியாததை எழுத வேண்டாம். அந்த இடத்தில் புள்ளி வையுங்கள்.