கண்ணாடிக்கல்: பிறப்பும் பயனும் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு பழம்பொருளின் பயன் இன்னதெனத் துணிய இயலாதவிடத்து, அதனை 'அலங்காரப் பொருள்' என வகுத்து அமைதல் ஆய்வாளர் பலரிடத்துக் காணப்படும் வழக்கமாகும். அச்சொல் விடைபோலத் தோன்றினும் உண்மையில் வினாவை மூடும் திரையேயாம். ஐரோப்பியக் கட்டடக்கலை வரலாற்றிலே நிறக் கண்ணாடிக்கற்கள் பெற்றுள்ள இடத்தினை நோக்குவார்க்கு இது நன்கு புலனாகும். ('செங்கல்' என்னும் சொல்லிலே செம்மை நிறம் அடங்கிக் கிடத்தலின், கண்ணாடியாலாயதனைக் 'கண்ணாடிக்கல்' என்றே இங்கு வழங்குவோம்.)

பழம்பொருள் சேகரிப்போரிடத்து இன்று காணப்படும் கற்களுட் சில அறுகோண வடிவின. பச்சை, நீலம், தேன்நிறம் முதலாய நிறங்களின. அழகினை மாத்திரம் நோக்குவோர் இவற்றை அணிப்பொருள் என்பர். ஆயின் பொருளையே சான்றாகக் கொண்டு வினவுவோமாயின் வேறு விடை கிடைக்கின்றது. இவை உள்ளீடற்றவை. விளிம்பிலே அச்சின் பொருத்துவரை தெரிகின்றது. ஓரிடத்தே, ஊதிய துளையை உருகிய கண்ணாடியால் அடைத்த வடு உளது. இம்மூன்றும் போத்தல் ஊதுந் தொழிலுக்கு உரிய அடையாளங்கள். எனவே இக்கல் சிற்பியின் பட்டறையிற் பிறந்ததன்று. போத்தற் சூளையிற் பிறந்தது.

இவ்வடையாளங்கள் நம்மைச் சுவிற்சலாந்தின் நியோன் நகரத்துக் கட்டடக் கலைஞரான குஸ்தாவ் ஃபல்கொன்னியே என்பாரிடம் இட்டுச் செல்கின்றன. 1886ஆம் ஆண்டளவில் அவர் ஊதிய கண்ணாடிக்கல்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1893இற் சிக்காகோவிலும் 1900இற் பாரிசிலும் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிகளில் அது இடம்பெற்றது. கல்லினுள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சுவர் ஒளியை உள்ளே விடும். எனினும் அப்பாலுள்ளதைத் தெளிவாகக் காட்டாது. செடி வளர்க்கும் கண்ணாடி மனைகளுக்கும் படிக்கட்டுச் சுவர்களுக்கும் அது விரும்பப்பட்டமைக்கு இவையே காரணங்களாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பாரிசின் ஃபிராங்ளின் வீதியிலே ஒகுஸ்த் பெரே 1903-1904இல் எழுப்பிய மாடிமனை. அதன் பின்புறப் படிக்கட்டுச் சுவர் அறுகோணக் கண்ணாடிக்கற்களால் ஆயது. புதுமை வேட்கையின் வெளிப்பாடு என இதனைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் போதாது. ஃபிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவை, அயலார் நிலத்தை ஒட்டிய சுவரிலே விரும்பியவாறு யன்னல் திறக்க இடந்தருவதில்லை. திறவாத, நிலைத்த கண்ணாடி வழியாக ஒளி பெறுதற்கே இடந்தருகின்றது. நெருங்கிய நகரத்திலே 'ஒளி வேண்டும், பார்வை ஆகாது' என்னும் நெருக்கடிக்குக் கண்ணாடிக்கல் பொருத்தமான விடையாயிற்று. அயலான் உரிமையும் குடியிருப்போன் தேவையும் அச்சுவரிலே சந்திக்கின்றன. அதனை அலங்காரம் என்று மாத்திரம் கூறுவோர் இச்சமூக உறவினைக் காணத் தவறுகின்றனர்.

இரண்டாவது குறை, வெவ்வேறு பொருள்களை ஒரே பெயராற் சுட்டுதலாகும். 1914இற் கொலோன் நகரப் பொருட்காட்சியிலே புரூனோ டவுட் அமைத்த கண்ணாடி மண்டபத்தின் லுக்ஸ்ஃபர் கண்ணாடிகள் ஊதியவை அல்ல. கொங்கிறீற்றுச் சட்டத்திற் பதிக்கப்பட்டவை. 1928-1932இற் பியேர் ஷாரோ பாரிசில் அமைத்த கண்ணாடி இல்லத்தின் கற்களும் அச்சில் அழுத்தி வார்த்தவையே. 1930களில் அமெரிக்காவிற் பரவியதோ இரு பாதிகளை வார்த்துச் சூட்டில் ஒட்டிய கல். தேவாலய யன்னல்களுக்கெனச் சுத்தியலால் உடைத்துக் கொங்கிறீற்றிற் பதிக்கப்படும் ஓரங்குலத் தடிப்பான நிறப் பாளங்களும் 'கல்' எனவே மயங்கப்படுகின்றன. பொருத்துவரை, அடைப்புவடு, உள்ளீடு ஆகியவற்றை நோக்காது, நிறத்தை மாத்திரங் கொண்டு காலமும் இடமும் கூறுதல் பெரும் வழுவாகும்.

இனி, மறுதரப்பினையும் நோக்குதல் நேர்மையாம். ஃபல்கொன்னியேயின் கல் பாரந்தாங்கும் வலியற்றது. அடைப்பு விரிவுற்றால் உள்ளே ஈரம் படியும். தொழில்நுட்பத்தாற் சிறந்த கற்கள் வந்தபோது அது வழக்கொழிந்தது. பயன் ஒன்றே காரணமாயின் ஒளியை மிகுதியாகத் தரும் நிறமற்ற கல்லே போதுமன்றோ? நிறக் கற்களை ஏன் ஆக்கினர்? இவ்வினாவுக்கு, நிறம் மக்கள் விரும்பிய இன்பம் என்பதே விடையாகும். பவுல் ஷேர்பார்ட் 1914இல் வெளியிட்ட 'கண்ணாடிக் கட்டடக்கலை' என்னும் நூல் அவ்வின்பத்துக்கு ஒரு தத்துவம் வகுக்க முயன்றது. நிறக் கண்ணாடியால் வாழும் இடம் மாறின், வாழ்வோரின் பண்பாடும் மாறும் என்பது அவர் துணிபு. அந்நூலை அவர் டவுட்டுக்கு உரிமையாக்கினார். டவுட்டின் மண்டபமோ அவருக்கு உரிமையாக்கப்பட்டது. ஆயின் அதே மண்டபம் கண்ணாடித் தொழிலாளரின் முதலாளிகளுக்கு விளம்பரமாகவும் நின்றது என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு ஆகத்து மாதத்திற் போர் மூண்டது. பண்பாட்டைக் கண்ணாடி மாற்றும் என்ற நம்பிக்கையை வரலாறு விரைவிலேயே சோதித்துவிட்டது.

ஆகவே, அழகும் பயனும் ஒன்றையொன்று விலக்குவன என்று நாம் கூறவில்லை. கண்ணாடிக்கல்லிலே இரண்டும் உள. நாம் மறுப்பது ஆராய்ச்சி முறையின் வரிசையையே. முதலிலே செய்முறை, அடுத்துச் சூழல், பின்னரே அழகு எனச் செல்வதே தகும். அவ்வாறு செல்லும்போது சேகரிப்பாளரின் மேசையிலே தனித்துக் கிடக்கும் ஒரு நிறக் கல், அதனை ஊதிய தொழிலாளியையும், ஒளிக்கு ஏங்கிய குடியிருப்பாளனையும், சுவருக்கு அப்பால் வாழ்ந்த அயலானையும் நமக்கு மீட்டுத் தருகின்றது. அவர்களை மறந்துவிட்டு அழகினை மாத்திரம் போற்றும் வரலாறு அரைகுறை வரலாறேயாம்.