மாட்டிகரியைத் தேடிய போலீஸ்

கூகி வா தியாங்கோ என்றதும் நம்மில் பலர் முதலில் சொல்வது டாய்லெட் பேப்பர் கதையைத்தான். கென்யச் சிறையில், கிடைத்த கழிவறைத் தாளிலேயே ஒரு நாவலை எழுதினார். உண்மைதான். ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, மனுஷன் எதற்காக உள்ளே போனார் என்பதை மறந்துவிடுகிறோம்.

1977இல் அவருடைய ஆங்கில நாவல் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' வந்தது. சுதந்திர கென்யாவின் புதுப் பணக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட நாவல். அதற்குத் தடை வரவில்லை. அதே வருஷம், கூகி வா மிரியுடன் சேர்ந்து கிக்கூயூ மொழியில் ஒரு நாடகம் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எனக்கு இஷ்டமானபோது கல்யாணம் பண்ணிக்கொள்வேன்'. கமிரீத்து கிராமத்து விவசாயிகளும் தொழிலாளர்களுமே 2000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கைக் கட்டினார்கள், அவர்களே நடித்தார்கள். ஒத்திகையை ஊரே வந்து பார்த்தது. வயசானவங்க இப்படிப் பேச மாட்டாங்க என்று வசனத்தைத் திருத்தியது. சில வாரங்களில் அனுமதி ரத்தானது. வருஷம் முடிவதற்குள் கூகி கைதானார். விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு சிறை. 1982இல் போலீஸ் வந்து அரங்கையும் இடித்துத் தள்ளியது.

என் வாசிப்பில், ஜோமோ கென்யாட்டாவின் அரசு பயந்தது ஒரு எழுத்தாளரின் கோபத்துக்கு இல்லை. பார்வையாளர்கள் ஆசிரியர்களாக மாறியதுதான் அதைக் கலக்கியது.

1986இல் கிக்கூயூவில் வந்த 'மாட்டிகரி' நாவலை இதோடு வைத்துப் பார்க்கலாம். காட்டிலிருந்து திரும்பும் ஒரு விடுதலைப் போராளி, உண்மையும் நீதியும் எங்கே என்று கேட்டு ஊர் ஊராக அலைகிறான். மக்கள் அவனைப் பற்றிப் பேசப் பேச, நிஜமான ஆள் என்று நினைத்து மோய் அரசு கைது உத்தரவு போட்டதாக கூகியே எழுதியிருக்கிறார். வெறும் கதாபாத்திரம் என்று தெரிந்த பிறகு, 1987இல் போலீஸ் கடைகளிலிருந்து பிரதிகளை அள்ளிச் சென்றது.

நாவலாக 'மாட்டிகரி'யில் எனக்குப் பெரிய குறை உண்டு. வில்லன்கள் கார்ட்டூன்கள், ஊர் ஒரு மீட்பருக்காகக் காத்திருக்கிறது. கமிரீத்துவில் எவரும் அப்படிக் காத்திருக்கவில்லை. நாவல் தவறவிட்டதை வாசகர்கள் சரிசெய்தார்கள்: தாளில் இருந்தவனைப் பேசிப் பேசியே தெருவில் நடக்க வைத்தார்கள்.

கூகியைப் படிக்கத் தொடங்குபவர்கள் சிறைத் தாளிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த நாடகத்திலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் நாலு பேர் கூடி, சத்தமாக.