பெயரும் நாவும்: ‘தர்ஷன்’ என்னும் பெயர் குறித்துச் சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குழந்தைகளின் பெயர்கள் பற்றி எமது இலக்கிய மேடைகளில் எழும் கண்டனம் புதியதன்று. தர்ஷன், நிரோஷன், டிலக்‌ஷன் முதலிய பெயர்கள் பொருளற்றவை, மரபுக்குப் புறம்பானவை, பண்பாட்டுச் சீரழிவின் அடையாளங்கள் என்பதே அக்கண்டனத்தின் சாரம். இதனை முற்றாக மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், ஒரு பெயரை அதன் எழுத்தை மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. அப்பெயரால் யார் யாரை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். பெருவழக்குப் பெற்ற தர்ஷன் என்னும் பெயரையே உதாரணமாகக் கொள்வோம்.

‘தரிசனம்’ என்ற சொல்லின் வேரே இப்பெயரின் வேருமாகும். ஷகரம் உறுத்துகின்றதெனின், பேச்சுவழக்கைச் செவிமடுத்தல் நன்று. பேரனைக் கூப்பிடும் அம்மம்மாவின் வாயில் அது ‘தர்சன்’ ஆகின்றது. பாடசாலை இடாப்பிலும் பலபோது அவ்வாறே எழுதப்படுகின்றது. வடமொழியில் அதிர்ந்தொலிக்கும் முதலெழுத்தும் எம்மவரிடம் வல்லினத் தகரமாகி விடுகின்றது. தமிழகத்தார் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘டி’யில் தொடங்கும் தினேசை எம்மவர் ‘ரி’, ‘எச்’ இட்டு எழுதுவதும், கஜனைக் ‘கே’யில் தொடங்குவதும், பிரதீபனின் பகரத்தின் பின் ஆங்கிலத்திலும் ஓர் இகரம் சேர்ப்பதும் இதற்குச் சான்றுகள். வடசொல்லைத் தமிழோசைக்கு இயைவிக்க நன்னூலார் வகுத்த விதிகளை, அந்நூலைக் கண்டறியாத நாக்குகளும் இன்றுவரை நிறைவேற்றி வருகின்றன. தூய்மைவாதியின் கண் காணும் அந்நியத்தை மக்களின் நா ஏற்கெனவே செரித்துவிட்டது.

அந்நியப் பெயர் அனைத்தும் இகழப்பட்டதுமில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்கப் புரவலரின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையையும் கறல் விசுவநாதபிள்ளையையும் தமிழ்ப் புலமை வரலாறு மதிப்புடனேயே குறிப்பிடுகின்றது. கண்டனம் எவர்மீது பாய்கின்றது என்பது வர்க்கச் சார்புடைய வினாவாகும்.

இதனினும் முக்கியமானது சாதி. ஆதிக்க சாதியினரிடையே கந்தையா, கந்தப்பிள்ளை எனப் பெயர்கள் மரியாதையுடன் விரிந்தபோது, ஒடுக்கப்பட்டவன் வெறும் கந்தனாகவே நிறுத்தப்பட்டான். நரைத்த முதியவரை உயர்சாதிச் சிறுவன் ஒருமையில் விளித்தான்; அவரோ அச்சிறுவனின் பெற்றோரை ‘நயினார்’, ‘நாச்சியார்’ என்றார். பெயரைக் கேட்ட மாத்திரத்தே ஒருவரை எங்கே நிறுத்துவதென்பது தீர்மானமாயிற்று. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலிய நாவல்களைப் பயில்வோர், விளிமுறையே அதிகாரத்தின் கருவியாகத் தொழிற்படுவதை உணர்வர்.

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசனம் மறுக்கப்பட்டது. அன்று வெளியே நிறுத்தப்பட்டோரின் பேரனும், வழிமறித்தோரின் பேரனும் இன்று ஒரே வகுப்பில் தர்சன்களாக அமர்ந்திருத்தல் கூடும். இடாப்பை வாசிக்கும் ஆசிரியரால் பெயரைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிய முடியாது. பொருளற்றதென இகழப்படும் பெயரின் சமூகப் பொருள் இதுவே.

எனினும் மிகைப்படுத்தலும் தவறாகும். இப்பெயர்கள் தம்மளவில் முற்போக்கானவை அல்ல. ஆயிலியம், பூரம் ஆகிய நட்சத்திரங்களுக்குப் பஞ்சாங்கம் டகர வரிசை எழுத்துகளை விதிக்கின்றது. தமிழ்ச்சொல் எதுவும் டகரத்தில் தொடங்காமையால், அந்நட்சத்திரக் குழந்தைகள் டிலக்‌ஷன்களாகின்றனர். எண்சாத்திரம் மேலும் ஓரெழுத்தைக் கூட்டுகின்றது. அதனைச் சொல்வோர் கட்டணமும் பெறுகின்றனர். பழைய சாதி அடையாளம் அகன்ற இடத்திற் சோதிட வணிகம் குடியேறுவதை விடுதலையெனக் கொள்ளவியலாது. பெயர் மாறியமையால் காணி உறவோ திருமண உறவோ மாறிவிடவுமில்லை. பெயர் மேற்கட்டுமானத்தைச் சேர்ந்தது. அடித்தளம் அசையாதவிடத்து அதன் சமத்துவம் இடாப்பின் சமத்துவமாகவே நின்றுவிடும்.

1916இல் வேதாசலம் மறைமலையடிகளானதிலிருந்து தமிழ்ப் பெயருக்கான இயக்கம் நீண்ட வரலாறுடையது. அதன் சனநாயக உள்ளடக்கத்தை நாம் மதிக்கின்றோம். குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர் இடுதல் விரும்பத்தக்கதே. ஆயின், கந்தனும் தமிழோசைக்கு இயைந்த பெயரே என்பதை மறத்தலாகாது. அப்பெயரைத் தாழ்த்தியது வடமொழியன்று. அதனைச் சுமந்தவனைத் தாழ்த்திய தமிழர் நாவே. பெயரின் தூய்மையைப் பேசுவோர், அப்பெயரால் அழைக்கும் முறையின் நீதியையும் பேசுதல் வேண்டும்.