பாரோஸுக்குக் கல்லாவில்தான் சிக்கல்

சென்னை ஐஐடியின் பிரவர்தக் அமைப்பின் ஆதரவில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் உருவாக்கிய பாரோஸ் என்ற மொபைல் இயங்குதளம், 2023 ஜனவரியில் அறிமுகமானது. மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். லால்குடி கடைவீதி மொபைல் கடைக்கு அது வரவில்லை என்று குறைபட முடியாது; ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கென்று செய்தது அது. ஆனால் நாளை அது பொதுமக்கள் கைக்கு வந்தால் எங்கே இடிக்கும் என்று இன்றே பார்த்துவிடலாம். பாரோஸைப் போலவே ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து பிறந்த லினேஜ் ஓஎஸ் யாருக்கும் இலவசம். கூகுள் ஆப்களின் பொதியை ஏற்றாமல் அதைச் சில வாரம் அன்றாட போனாக வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் அது தரும் சுகத்தைச் சொல்லிவிட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போன்களில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் விளையாட்டுகள், கடன் ஆப்கள், பூட்டிய திரையிலும் விளம்பரம் என்கிற அந்த எரிச்சல் இங்கே அறவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இன்னொருவன் ஏன் கடை விரிக்க வேண்டும்? தயாரித்த கம்பெனியே கைகழுவிய பழைய போன்கள் பலவற்றுக்குப் புதிய ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கின்றன. இண்டிக் கீபோர்டில் தமிழ்99 தட்டலாம். வாட்ஸ்அப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பேட்டரி, கேமரா சமாச்சாரமெல்லாம் போனுக்குப் போன் மாறும், விட்டுவிடுவோம்.

கல்லாவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் வண்டி நின்றுவிடுகிறது. பல வங்கி ஆப்களும் பணப் பரிமாற்ற ஆப்களும் திறந்தவுடன் ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்ற சேவை வழியாகக் கூகுளிடம் ஒரு கேள்வி கேட்கின்றன: இந்த போன் நம்பத்தக்கதா? கூகுள் சான்றளித்த சிஸ்டம் இல்லையென்றால் பதில் ‘இல்லை’. உங்கள் பணம், உங்கள் வங்கி, உங்கள் சிம். ஆனால் சான்றிதழுக்கு விஏஓ போடுவது போன்ற கையெழுத்து கூகுளுடையது. டீக்கடையிலிருந்து உரக்கடை வரை க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும் ஊரில், ஸ்கேன் செய்ய முடியாத போன் பாதி போன்தான். டயல் செய்து பணம் அனுப்பும் *99# இருக்கிறதே என்பார்கள். அது க்யூஆரைப் படிக்காது. எண்களைத் தட்டித் தட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் காசு கொடுத்துப் போய்விடுவார்.

ஆப் எண்ணிக்கை குறைவு என்பதுதான் மாற்று சிஸ்டங்களின் நோய் என்ற பேச்சு பழையது. 2014 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸோடு 1,999 ரூபாய்க்கு வந்த இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸுக்கு அது பொருந்தியது; அன்றைய வாசல் வாட்ஸ்அப். அதே ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் கிளையான கைஓஎஸ், ஜியோபோனில் வந்து, 2018இல் வாட்ஸ்அப்பைப் பெற்று அந்த வாசலைத் தாண்டியது. இன்றைய வாசல் யுபிஐ. 2019இல் அமெரிக்கத் தடையால் கூகுள் சேவைகளை இழந்த ஹுவாவேயைப் பாருங்கள். சீனாவில் அது பிழைத்து ஹார்மனி ஓஎஸ்ஸை வளர்த்தது. அங்கே வீசாட்டும் அலிபேயும் கூகுளை நம்பி ஓடியதே இல்லை. வெளிநாடுகளில் அதே கம்பெனி, அதே தரமான போன், விற்பனை மட்டும் சரிந்தது.

வங்கிகள் கண்டிப்பாக இருப்பது மக்களின் பணத்துக்காகத்தானே என்று கேட்டால், அந்தக் கவலை நியாயம். லினேஜ் ஓஎஸ் பெரும்பாலும் பூட்லோடர் என்ற துவக்க நிரலின் பூட்டு திறந்த போனில்தான் ஓடுகிறது. போன் கெட்டவன் கையில் சிக்கினால் அது பலவீனமே. ஆனால் ஆண்ட்ராய்டிலிருந்தே பிறந்த இன்னொரு சிஸ்டமான கிராஃபீன் ஓஎஸ் தன் சொந்தச் சாவியால் பூட்லோடரைப் பூட்டியே ஓடுகிறது, திருத்தங்களும் உடனுக்குடன் வருகின்றன. அதற்கும் முழுச் சான்று கிடைப்பதில்லை. பல வருடமாகத் திருத்தமே காணாத பழைய ஆண்ட்ராய்டு போன், கூகுள் முத்திரை இருப்பதால், அடிப்படைச் சோதனைகளைத் தாண்டிவிடுகிறது. ஆக இங்கே அளக்கப்படுவது பாதுகாப்பு மட்டுமல்ல. போனின் சிப்பிலேயே உள்ள சாவியைக் கொண்டு, கூகுளைக் கேட்காமல், எந்த சிஸ்டம் ஓடுகிறது என்று வங்கி நேரடியாகச் சரிபார்க்க ஆண்ட்ராய்டிலேயே வழி இருக்கிறது. நம்பத்தக்க சிஸ்டங்களின் சாவிப் பட்டியலை வங்கிகள் பராமரிக்க மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக மெனக்கெடாது. கூகுளிடம் கேட்பது சுலபம், செலவும் குறைவு. அதனால் பாரோஸ்காரர்கள் அடுத்த பதிப்பில் புதிய வால்பேப்பரையோ இன்னொரு ஆப் கடையையோ சேர்ப்பதற்கு முன், மும்பைக்கு ரயிலேறி யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் கதவைத் தட்டுவது நல்லது. 2016 டிசம்பரில் வந்த பீம் ஆப் அந்த வீட்டுப் பிள்ளை. பாரோஸின் சாவியை முதலில் அது ஏற்றுக்கொள்ளட்டும். பிறகு வங்கிகளிடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.