சூலியா தெரு மாடியில் எங்கள் சொந்த நிலையம்

ராஸ்பெரி பை, ராஸ்பெரி பை, ராஸ்பெரி பை! கொஞ்ச நாளாக என் வாயில் வேறு பேச்சே வருவதில்லை. நாசி கண்டார் கடையில் மேசையைப் பகிர உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதரிடம்கூட அதைத்தான் பேசினேன், அவரும் தே தாரிக் ஆறிப்போகும் வரை கேட்டார்! பின்னே, 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம், நம்ம மைகார்டு அளவுதான், அந்தப் பச்சைப் பலகைக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறதென்றால் பேசாமல் எப்படி இருப்பது? பிள்ளைகள் புரோகிராமிங் கற்கட்டும் என்று கேம்பிரிட்ஜில் யோசித்து உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு விட்டார்கள். என்னிடம் இருப்பது 2019இல் வந்த நான்காம் மாடல். அதுதான் இப்போது எங்கள் வீட்டு சினிமாக் கொட்டகை, ரேடியோ, ஆல்பம், எல்லாம்!

எங்கள் கடைவீட்டு மாடியைக் கொஞ்சம் மனசில் கொண்டுவாருங்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே அஞ்சடி நடைபாதையில் மீ கடைக்காரர் வாணலியைத் தட்டும் சத்தம், 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கோசை. அறைக்குள் அத்தாவின் அலமாரி, அதில் அடுக்கடுக்காக நாகூர் ஹனீபா கேசட்டுகள், கல்யாண வீடியோக்கள், பி. ரம்லி படங்களின் விசிடிகள். இந்தப் பினாங்கு மண்ணில் பிறந்தவர் ரம்லி, 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் நம்ம தமிழரான எல். கிருஷ்ணன், அத்தா இதைச் சொல்லாத வாரமே கிடையாது! இவ்வளவு செல்வமும் போட்டுக் கேட்க ஆளில்லாமல், கடலோர ஈரக்காற்றில் பூசணம் பிடித்துக் கிடந்தது.

இதையெல்லாம் ஓட்டப் பலகையைத் தயார் செய்யும் வேலை எவ்வளவு சுலபம் என்று கேளுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டில் இயங்குதளத்தை எழுதி, பலகையில் செருகி, நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கொடுத்தேன், மானிட்டரும் வேண்டாம் கீபோர்டும் வேண்டாம், லேப்டாப்பிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஜெல்லிஃபின்னை நிறுவிவிட்டேன். 2018 கடைசியில் எம்பி என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது ஆர்வலர்கள் அதிலிருந்து பிரித்து வளர்த்ததுதான் இந்த ஜெல்லிஃபின். காசு கிடையாது, சந்தா கிடையாது, வெளியே யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டாம். பிரவுசரில் பலகையின் முகவரியைத் தட்டி, 8096 என்று சேர்த்து எண்டரை அழுத்தினேன். வந்துவிட்டது! கோப்புறைக்குப் படத்தின் பெயரும் ஆண்டும் வைத்தால் போதும், ‘பெனாரெக் பெச்சா’, 1955, சுவரொட்டியோடு, நடிகர் பட்டியலோடு திரையில் வந்து நிற்கிறது, நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன், வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் தட்டினேன்!

ஆனால் கேசட்டுகள்... ஐயோ, அந்தக் கேசட்டுகள்! ஒரு பழைய டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து யுஎஸ்பி ஆடியோ அடாப்டருக்கு ஒயர், ஆடாசிட்டியில் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு, அறுபது நிமிட கேசட்டுக்கு அறுபது நிமிடமும் உட்கார்ந்தே தீர வேண்டும், அதுதான் அதில் சுகமே! ஹனீபா கேசட்டுகளுக்கு நடுவே பெயர் எழுதாத ஒன்று கிடந்தது, நாடாவை அழுத்திப் பிடிக்கும் அந்தத் துளியூண்டு பஞ்சுத்துண்டு உதிர்ந்து போயிருந்தது, வீணாய்ப்போன வேறொரு கேசட்டிலிருந்து பிடுங்கி ஒட்டி, ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பட்டனை அழுத்தினால், கரகர... ஒரு சேவல்... ஒரு மாட்டுவண்டி மணி... அப்புறம் நன்னி, அத்தாவின் அம்மா! ராமநாதபுரத்துப் பக்கத்து ஊரிலிருந்து, கடிதம் எழுதத் தெரியாததால் பேசி அனுப்பிய கேசட், “சாப்பிட்டியாத்தா? கருப்பட்டி வந்து சேந்துச்சா?” என்று என் அத்தாவைக் கேட்கிறார், நான் பிறக்கும் முன்பே மண்ணுக்குப் போன மனுஷி, நினைத்துப் பாருங்கள், திரையில் அலைக்கோடுகள் எழுந்து எழுந்து அடங்குகின்றன, எனக்குக் கை நடுங்குகிறது, பதிவை நிறுத்திவிடுவேனோ என்று பயந்து மவுஸைத் தூரத் தள்ளிவைத்தேன்! அன்று ராத்திரியே அதை ஜெல்லிஃபின்னில் ஏற்றி, ஹால் டிவியில் போட்டேன். அத்தா நேராக எழுந்து நின்று, “வந்துச்சும்மா” என்று டிவிக்குப் பதில் சொன்னார்.

குறையே இல்லையா என்பீர்கள். விசிடி கோப்பை அப்படியே கொடுத்து, ஓடும்போதே உருமாற்றச் சொன்னால் பலகை திணறும், அவ்வளவுதான், முன்கூட்டியே எச்.264 எம்பி4 ஆக மாற்றி வைத்தால் டிவியே நேரடியாக ஓட்டிக்கொள்ளும், பலகை சும்மா எடுத்துக் கொடுத்தால் போதும். 80 டிகிரி சூட்டைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அலுமினியக் கூடு ஒன்று வாங்கிப் போட்டேன், விசிறிச் சத்தம்கூடக் கிடையாது. பலகைக்கு ஐந்து வாட் என்று வைத்தாலும் மாதம் முழுக்க இரவு பகலாக ஓடி 3.6 யூனிட்தான்! ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், எல்லாவற்றையும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டில், பட்டர்வொர்த்தில் பத்திரமாக இருக்கிறது.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. நாகூர் தர்கா முனையில் இருக்கும் மாமா நேற்று ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் டேப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார், தர்காவில் கந்தூரிக்குக் கொடியேற்றியது ஒன்றில் இருக்கிறதாம், எதில் என்று அவருக்கே நினைவில்லை, முதல் டேப்பை இன்றைக்குச் சாயங்காலம் போடுகிறோம்!