‘நோ டிஸ்க்’ என்னும் பொய்

வீட்டுக் கணினியில் பதிந்த டி.வி.டி. தட்டைத் தொலைக்காட்சியோடு இணைத்த தனிக் கருவியில் இடுகிறோம். தட்டு சுழலும் ஓசை கேட்கிறது. லேசர்த் தலை இரண்டொரு முறை முன்னும் பின்னும் நகர்கிறது. பிறகு திரையில் ‘நோ டிஸ்க்’ என்ற சொற்கள் தோன்றுகின்றன. தட்டே இல்லையாம்! அதே தட்டைக் கணினியில் இட்டால் படம் தடையின்றி ஓடுகிறது.

டி.வி.டி.யின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்ட நிலையில் இதை ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். பல வீடுகளில் திருமணத்திற்கும் அரங்கேற்றத்திற்கும் உள்ள ஒரே பதிவு இத்தகைய தட்டுதான். சென்ற விடுமுறையில் உறவினர் ஒருவர் வீட்டில், மகளின் திருமணத் தட்டு கெட்டுவிட்டது என்று பழைய பொருள்களோடு கட்டி வைத்திருந்தார்கள். அது கெடவில்லை. கெட்டதென அவர்களை நம்ப வைத்தவை அந்த இரண்டு சொற்களே. அச்சொற்களைத்தான் இங்கு ஆராய விரும்புகிறேன்.

கருவியின் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. கடையில் வாங்கும் திரைப்படத் தட்டில் நுண்ணிய பள்ளங்கள் அச்சிடப்பட்டு, அவற்றின்மேல் உலோகப் படலம் பூசப்பட்டிருக்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியில் 45 முதல் 85 விழுக்காடு வரை அது திருப்பி அனுப்பும். நாம் பதியும் தட்டில் பள்ளம் இல்லை. கரிமச் சாயம் ஒன்றை லேசர் சுட்டு, புள்ளிகளை உண்டாக்குகிறது. அழித்து எழுதும் ‘ஆர்.டபிள்யூ.’ வகையில் சாயத்துக்குப் பதிலாக, படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிச் செல்லும் உலோகக் கலவை உள்ளது. இது திருப்பி அனுப்பும் ஒளி 18 முதல் 30 விழுக்காடுதான். ஈரடுக்குத் திரைப்படத் தட்டின் அளவும் இதுவே. ஆகவே சில பழைய கருவிகள் இதை ஈரடுக்குத் தட்டென்று எண்ணி, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடி அலைந்து களைத்துவிடும். ஒளியே போதிய அளவு வராதபோது ‘நோ டிஸ்க்’ என்பதை மன்னிக்கலாம். குருடனிடம் நிறம் கேட்க முடியாது.

மன்னிக்க இயலாத செயல் வேறொன்று. ஒவ்வொரு தட்டின் உள் விளிம்பை ஒட்டிய தொடக்கப் பகுதியிலும், அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் நான்கு பிட்டுகள் உள்ளன. திரைப்படத் தட்டுக்கு 0000, டி.வி.டி.–ஆர் தட்டுக்கு 0010, டி.வி.டி.+ஆர் தட்டுக்கு 1010. கழித்தல் குறியுள்ள வகை 1997-இல் வந்தது. கூட்டல் குறியுள்ள ‘ஆர்’ வகையைப் போட்டிக் கூட்டணி ஒன்று 2002-இல் கொண்டுவந்தது. இரண்டும் 12 சென்டிமீட்டர் தட்டுகளே; இரண்டின் கொள்ளளவும் 4.7 கிகாபைட்டே. நிறுவனங்களின் போட்டி, தட்டுக்குக் குலப்பெயராக வந்து சேர்ந்தது. 2002-க்கு முந்திய கருவி சில, 1010 என்ற எண்ணைப் படித்து, அறியாத குலமென்று தட்டை ஒதுக்கின. அந்த எண்ணைப் படிக்க முடிந்ததென்றால் தட்டு இருக்கிறது, ஒளியும் போதுமானது என்றுதானே பொருள்? தெரிந்தே சொல்லும் பொய் இது.

இதை ஆய்வுக்கூட முறையில் மெய்ப்பிக்கவும் வழியுண்டு. சில பதிவுக் கருவிகள், கூட்டல் வகைத் தட்டில் 1010-க்குப் பதில் 0000 என்று எழுதித் தரும். (கழித்தல் வகையில் இதற்கு இடமில்லை.) சாயம் அதுவே, எதிரொளிப்பும் அதுவே, மாறுவது குலப்பெயர் ஒன்றே.

மற்றக் காரணங்கள் எளியவை. பதிந்தவர் ‘ஃபைனலைஸ்’ செய்து தட்டை மூடாமல் விட்டிருக்கலாம். பதிந்த கருவியிலேயே மீண்டும் இட்டு மூடிவிட்டால் போதும். அல்லது கணினிக்குரிய படக் கோப்பை அப்படியே நகலெடுத்திருக்கலாம். தனிக் கருவி தேடுவது ‘வீடியோ_டி.எஸ்.’ என்னும் உறையையும் அதனுள் எம்பெக்-2 முறையில் அமைந்த படத்தையும்தான். இதற்கும் ‘நோ டிஸ்க்’ என்றோ, சற்று இரக்கமுள்ள கருவியானால் ‘பேட் டிஸ்க்’ என்றோ பதில் வரும். நோய் நான்கு, மருந்துச் சீட்டோ ஒன்று! காரணத்துக்கு ஓர் எண்ணாவது திரையில் காட்டி, அதன் விளக்கத்தைக் கையேட்டில் அச்சிட என்ன செலவாகியிருக்கும்?

பழுது பார்ப்போரின் அறிவுரையும் குறையுடையதே. ‘நல்ல தட்டு வாங்கி, மிகக் குறைந்த வேகத்தில் பதியுங்கள்’ என்பார்கள். இது முதற் காரணத்துக்கு மட்டுமே பொருந்தும். அதற்கும் முழுமையாக அன்று. 16 மடங்கு வேகத்துக்கென்று அமைத்த சாயம், மந்த வேகத்தில் நன்றாகப் பதியும் என்ற உறுதியில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தட்டு இருந்தால், முதலில் கணினியில் இட்டுப் பாருங்கள். திறந்தால், வேறெதுவும் செய்யுமுன் உள்ளிருப்பதை நகலெடுத்து வையுங்கள். சாயம் என்றென்றும் நிலைப்பதன்று. பிறகு தட்டின் முகப்பில் கூட்டலா கழித்தலா, ‘ஆர்.டபிள்யூ.’ என்று உள்ளதா எனக் காணுங்கள். வீடியோ_டி.எஸ். உறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறொரு திரைப்படத் தட்டு அக்கருவியில் ஓடினால், லேசர்த் தலை முற்றிலும் பழுதாகவில்லை என்று அறியலாம்.

உறவினர் வீட்டுத் தட்டு கூட்டல் வகை. உறையும் முறையாக இருந்தது. நகலெடுத்து, மற்றொரு கூட்டல் வகைத் தட்டில் 0000 என்ற எண்ணோடு பதிந்தேன். அவர்களுடைய பழைய கருவியில் மணமக்கள் தோன்றினார்கள். முதல் தட்டை மீண்டும் இட்டுப் பார்த்தேன். ‘நோ டிஸ்க்’ என்றது.