பீங்கானில் முல்லை: செவ்ர் ஆயர் காட்சிகளின் குறியீட்டுப் பொருள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பீங்கான் கலையில் ஆயர் வாழ்வு பெருவழக்கான கருவாகும். ஜெர்மனியில் 1710இல் நிறுவப்பட்ட மைசன் கூடமும், வேன்சென் நகரிலிருந்து 1756இல் இடம்பெயர்ந்த பிரான்சின் செவ்ர் கூடமும் இக்கருவைப் பலவாறு வனைந்தன. இவற்றை வெறும் அலங்காரமாகக் கொள்வாருளர். திணைக்கோட்பாட்டின் வழி நோக்குவார்க்கு இவை வேறு பொருள் தரும்.

ஓவியர் பூஷே (1703–1770) வரைந்த காட்சிகளைத் தழுவி, மெருகிடாத வெண்பீங்கானில் சிற்பங்கள் உருவாயின. இடையன் ஒருவன் அருகமர்ந்த நங்கைக்குக் குழலூதக் கற்பிப்பது அவற்றுள் ஒன்று. ஈண்டுக் குழல் காதலின் குறியீடு. அக்காலக் கலையில் திறந்த பறவைக்கூடு கன்னிமை நீங்கியதைச் சுட்டும். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை பிறக்கும் என்பது தொல்காப்பியம். புள்ளும் இசைக்கருவியும் கருப்பொருள்களே. ஆதலின் உணர்த்தும் முறையில் இரண்டும் ஒக்கும்.

உரிப்பொருளிலோ பெருவேறுபாடு உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதன் பொழுது காரும் மாலையும். ஆயர் குழலோசை நிரை திரும்புவதை அறிவித்துத் தலைவியின் காத்திருப்பை மிகுவிக்கும். முல்லைக்கலியின் 17 பாடல்களில் ஏறு தழுவலும் மோர் விற்றலும் காதலோடு பிரிவின்றி வருகின்றன. பீங்கான் காட்சியிலோ மழையில்லை, மாலையில்லை. பால் கறப்பார் அரியர். ஆடுகள் அணிகலன்களாக நிற்கின்றன. முல்லைப்பாட்டும் புலவர் வகுத்த மரபே, ஆயர் தாமே எழுதியதன்று என மறுக்கலாம். எனினும் அம்மரபு உழைப்பை மறைக்கவில்லை.

மறைத்தலின் எல்லையை ராம்பூயே அரண்மனைப் பால்மனை காட்டும். அரசி மரி அந்துவானெத்துக்காக எழுந்த அம்மனைக்குச் செவ்ர் கூடம் 1787ஐ ஒட்டிப் பாற்கலங்கள் வனைந்தது. 1789இல் புரட்சி வெடித்தது. இடைப்பட்ட 1788இல் திப்பு சுல்தானின் தூதர்க்குப் பதினாறாம் லூயி செவ்ர் பீங்கான்களைப் பரிசளித்தார். திப்புவின் தந்தை ஹைதர் அலி 1782இல் உயிர்நீத்தது சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்.

அச்சித்தூரும் புத்தலப்பட்டும் பழந்தமிழர் வட எல்லையாகக் கொண்ட வேங்கடத்தின் அயலிடங்கள். முல்லைத் தெய்வமாகிய மாயோன் உறையும் மலை அது. கறவை பேணல் இன்றும் அங்குப் பிழைப்பு. விடியலில் பால் கறக்கும் கையே அங்கு ஆயர் வாழ்வின் அடையாளம். செவ்ர் சிற்பி விட்டுவிட்டது அந்தக் கையையே. ஆகவே அப்பீங்கான்கள் காட்டுவது ஆயர் வாழ்வன்று. அவ்வாழ்வை அறியாத அரசவையின் ஏக்கமே எனலாம்.